பாளையம்பட்டியிலிருந்து திருச்சுழி: பாதி வழியில் கலைந்த மௌன விரதம்

இந்த நடைப்பயணம் நானாகத் திட்டமிட்டது இல்லை. போன மாசி மாதத்தில் ஒரு நாள் சரசக்கா போன் செய்து, "வார திங்கக்கிழம திருச்சுழிக்கு நடக்கப் போறேன். கூட வாரியா?" என்று கேட்டார். நான் மதுரையில் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அதற்கு முன்பு அருப்புக்கோட்டையில் வேலை பார்த்தபோது, பாளையம்பட்டியில் சரசக்கா வீட்டு மாடியில்தான் வாடகைக்கு இருந்தேன். அந்த உறவு இன்னும் விட்டுப்போகவில்லை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஞாயிறு மாலையே கிளம்பிவிட்டேன்.

மதுரை மாட்டுத்தாவணியில் இருந்து அருப்புக்கோட்டைக்குப் பஸ் அடிக்கடி உண்டு. ஒன்றரை மணி நேரம் ஆகும். டவுனுக்கு முன்னாலேயே பாளையம்பட்டி வந்துவிடும். எல்லா பஸ்ஸும் அங்கே நிற்காது, ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்காவும் அவர் கணவரும் பாளையம்பட்டியில் வீட்டின் முன்பக்கத்திலேயே பலசரக்குக் கடை வைத்திருக்கிறார்கள். தெருவில் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். அண்ணாச்சிக்குப் பெரிய குரல். கல்லாவில் உட்கார்ந்தபடியே ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போகிறவரிடம் நலம் விசாரிப்பார். அவருக்குத் தை மாதத்தில் கழுத்தில் ஒரு கட்டியை எடுத்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் குரல் நரம்பை ஒட்டி இருந்த கட்டி என்பதால், குரல் பழையபடி வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் சொல்லும்வரை வாய் திறக்கவே கூடாது என்று உத்தரவு.

நான் போனபோது அண்ணாச்சி கழுத்தில் துண்டு சுற்றிக்கொண்டு, சைகையில் "சாப்பிட்டியா" என்று கேட்டார்.

அக்காவின் நேர்த்திக்கடன் இதுதான். வீட்டு வாசற்படி தாண்டியதில் இருந்து திருச்சுழியில் திருமேனிநாதர் சன்னதியில் கும்பிட்டு முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது. காலில் செருப்பு கூடாது. நடந்தே போக வேண்டும். "அவுகளுக்குக் குரலக் குடு, நான் என் வாயக் கட்டிக்கிட்டு வாரேன்னு நேந்துக்கிட்டேன்" என்றார்.

"சரிக்கா, நான் எதுக்கு?"

"வழியில யாராச்சும் எதுவும் கேட்டா பதிலு சொல்ல ஆளு வேணும்ல? அதுக்குத்தான் ஒன்னயக் கூப்பிட்டேன். நீதான் ஓயாமப் பேசுவியே."

திங்கட்கிழமை அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். அண்ணாச்சியின் அக்கா வாசலில் நின்று சரசக்கா நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, "ஒரு வார்த்தை வரக் கூடாது பாத்துக்க. தும்முனாக்கூட வாயப் பொத்திக்க" என்று சொல்லி அனுப்பினார். அந்த அம்மாள் இந்த விஷயங்களில் கறார். சரசக்கா அவரை "மதினி" என்று கூப்பிடுவார், கொஞ்சம் பயமும் உண்டு.

பாளையம்பட்டியில் இருந்து அருப்புக்கோட்டை டவுனைக் கடந்து திருச்சுழி போக மொத்தம் பதினெட்டு கிலோமீட்டருக்கு மேல் வரும். டவுனுக்குள் தெரு விளக்கு உண்டு. டவுனைத் தாண்டியபின் விடியும்வரை டார்ச்சு கட்டாயம் வேண்டும். லோடு லாரிகள் ஓரம் கட்டாமல் வரும், அதனால் எதிரே வண்டி வரும் பக்கமாகவே நடந்தோம்.

வெளிச்சம் வந்ததும் இரண்டு பக்கமும் கரிசல் விரிந்தது. கொத்தமல்லி பிடுங்கி அம்பாரம் போட்டிருந்த காடுகளில் இருந்து வாசம் வந்துகொண்டே இருந்தது. பருத்திக் காடு கொஞ்சம், மக்காச்சோளத் தட்டை கொஞ்சம், மீதியெல்லாம் சீமைக்கருவேல். தூரத்தில் விறகைக் கரியாக்க மூட்டம் போட்டிருந்தார்கள், புகை தரையோடு படுத்துக் கிடந்தது. கண்மாயில் நடுவில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்குத் தண்ணீர். மயில்கள் பயமில்லாமல் ரோட்டைக் கடந்தன. காலை எட்டு மணிவரை இந்த ரோட்டில் நடப்பது சுகம் என்றே சொல்வேன். அக்கா முன்னால் போய்க்கொண்டிருந்தார். முள் தைத்தால் நின்று எடுத்துப் போட்டுவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மறுபடி நடந்தார். நானும் பேச ஆள் இல்லாமல் அமைதியாகிவிட்டேன். அது எனக்கே புதிய அனுபவம்.

எட்டரை மணி போல ஒரு பிரிவு ரோட்டு டீக்கடைக்கு வந்தோம். திருச்சுழிக்கு இன்னும் ஏழு கிலோமீட்டர். கணவன் மனைவி நடத்தும் சின்னக் கடை, ஒரு பெஞ்சு, ஒரு வேப்பமரம். எனக்குச் சர்க்கரை வியாதி உண்டு என்பதால் காலை இட்லியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். அதைச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் மரத்தடியில் அந்தப் பெரியவரைப் பார்த்தேன்.

எழுபது வயது இருக்கும். வெள்ளை வேட்டி, நெற்றியில் நாமம், தோளில் மஞ்சள் துணிப்பை. கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. மாசிக் காலைக் காற்றில் அவருக்கு மட்டும் சட்டை வேர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. தனக்குள்ளே ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

"ஒரு மணி நேரத்துக்கு மேல இப்பிடித்தான் இருக்காரு" என்றார் டீக்கடைக்காரர். "ரெண்டு வேனு வந்து நின்னுச்சு. டீ குடிச்சாக, போய்ட்டாக. இவர விட்டுட்டுப் போய்ட்டாக போல. என்ன கேட்டாலும் தெலுங்குல சொல்லுதாரு. தண்ணியப் போட்டுருக்காரோ என்னமோ."

தண்ணி போட்டவர் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வேர்வையும் நடுக்கமும் எனக்கே வந்திருக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் அப்படித்தான் ஆகும். உடனே ஏதாவது இனிப்பு உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் ஆள் மயங்கிவிடுவார். பையில் எப்போதும் வைத்திருக்கும் மிட்டாயை எடுத்து நீட்டினேன்.

அவர் தலையை ஆட்டினார். "வத்து… வத்து" என்றார். வேண்டாம் என்கிறார் என்பது புரிந்தது. கடைக்காரரின் மனைவி ஒரு டம்ளரில் சர்க்கரையைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கிக் கொண்டுவந்தார். அதையும் தள்ளிவிட்டார். தன் நாமத்தைத் தொட்டுக் காட்டினார், வாயைப் பொத்திக் காட்டினார், கிழக்கே கையை நீட்டி "ராமேஸ்வரம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

"விரதமா இருக்காரு போல" என்றார் அந்த அம்மாள். டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டார். "விரதக்காரவுகளக் கட்டாயப்படுத்தக் கூடாது தாயி. பாவம் நம்மள வந்து சேரும். விட்ருங்க."

நான் போனை எடுத்து மொழிபெயர்ப்பைப் போட்டேன். டவர் ஒரு கோடு காட்டியது, அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. நூற்றியெட்டுக்கு அடித்தால் கிடைத்தது, வண்டி வர அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். அரை மணி நேரம் இவர் தாங்க வேண்டுமே. பேச்சு வேறு குழற ஆரம்பித்திருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சரசக்கா வீட்டில் தெலுங்குதான் பேச்சு. மூன்று நான்கு தலைமுறைக்கு முன்னாலேயே இந்தப் பக்கம் வந்துவிட்ட குடும்பம். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் வாயில் உண்டு. அண்ணாச்சியும் அவரும் சண்டை போட்டால் தெலுங்கில்தான் போடுவார்கள், மாடியில் எனக்கு ஒன்றும் புரியாது. ஆகவே அந்தப் பெரியவர் சொன்னது ஒவ்வொன்றும் அந்த இடத்தில் அக்கா ஒருவருக்கு மட்டுமே புரிந்துகொண்டிருந்தது.

எனக்கு அது தெரியும். ஆனாலும் நான் அவரைப் பேசச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? வீட்டில் அண்ணாச்சி கழுத்தில் துண்டோடு உட்கார்ந்திருக்கிறார். அது என் வாயால் கேட்கக்கூடிய விஷயமே இல்லை.

அக்கா முதலில் சைகையில் முயன்றார். பெரியவர் முன்னால் குந்தி உட்கார்ந்து, டம்ளரை எடுத்து, குடியுங்கள் என்று கெஞ்சுகிற மாதிரி காட்டினார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. பிறகு ரோட்டைப் பார்த்தார், நாங்கள் வந்த பக்கம். பெரியவர் பெஞ்சுக் காலில் சாய்ந்து சரிய ஆரம்பித்தார்.

"அண்ணா" என்றார் அக்கா.

காலையில் இருந்து பேசாத தொண்டை, குரல் கரகரவென்று வந்தது. அதற்குப் பிறகு தெலுங்கில் மடமடவென்று பேசினார். பெரியவர் கண்ணைத் திறந்தார். சொந்தப் பாஷையைக் கேட்டதும் அவர் முகமே மாறியது. அவரும் குழறலாக ஏதோ சொன்னார். அக்கா அவர் தாடையைப் பிடித்துக்கொண்டு விடாமல் பேசினார். அவர்கள் பேசியதைப் பிறகு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதை இங்கே தமிழில் தருகிறேன்.

பெரியவர் பெயர் வெங்கடராமையா, குண்டூர் பக்கம் ஒரு கிராமம். மனைவி இறந்து ஒரு வருடம். ராமேஸ்வரத்தில் கடலில் முழுகி, மனைவிக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடிக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடத் தொடுவதில்லை என்று முந்தின நாள் மாலை சங்கல்பம் செய்திருக்கிறார். ஆனால் காலையில் பழக்க தோஷத்தில் சர்க்கரை மாத்திரையை மட்டும் வாயில் போட்டு விழுங்கியிருக்கிறார்.

"நான் குடிச்சா அவளுக்குப் போய்ச் சேராது" என்றாராம்.

"நீங்க இங்க விழுந்துட்டா மட்டும் போய்ச் சேருமா? அவுகளுக்குக் கடல்ல எறங்கிச் செய்யப் போறது நீங்கதான? செய்யுற கை வேணும்ல அண்ணா?"

"வாக்குக் குடுத்துட்டேம்மா."

"நானுந்தான் குடுத்தேன். எங்க வீட்டுக்காரருக்காக இன்னைக்குப் பேச மாட்டேன்னு சாமிகிட்டச் சொல்லிட்டுக் கெளம்புனேன். இப்பப் பேசிட்டேன், பாத்தீகளா? நான் என் வாயத் தெறந்துட்டேன். நீங்களும் தெறங்க."

பெரியவர் அக்காவையே பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். அக்கா சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். பாதி வேட்டியில் கொட்டியது, பாதி உள்ளே போனது. இன்னொரு டம்ளர் கலக்கச் சொல்லி அதையும் கொடுத்தார். பாவம் வரும் என்று சொன்ன கடைக்கார அம்மாளே ஓடிப் போய்க் கலக்கிக்கொண்டு வந்தார்.

கால் மணி நேரத்தில் வேர்வை அடங்கியது. பிஸ்கட் சாப்பிட்டார். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் சர்க்கரை அளவைப் பார்த்து, இனிமேல் பயமில்லை, ஆனால் உடனே நல்ல சாப்பாடு வேண்டும், இன்றைக்கே ஒரு டாக்டரையும் பார்த்துவிட வேண்டும் என்றார்கள். என் இட்லியில் பாதியைக் கொடுத்துவிட்டு மீதியை நான் சாப்பிட்டேன். மஞ்சள் பையில் சுற்றுலாக்காரரின் போன் நம்பர் அச்சடித்திருந்தது. அடித்தால், முன் வேனில் இருக்கிறார் என்று பின் வேனும், பின் வேனில் இருக்கிறார் என்று முன் வேனும் நினைத்துக்கொண்டு பரமக்குடியைத் தாண்டியிருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து விடியற்காலை கிளம்பிய கூட்டம், பாதிப் பேர் தூங்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

ஒரு வேன் திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதுவரை அக்காவும் பெரியவரும் வேப்பமரத்தடியில் பேசிக்கொண்டே இருந்தார்கள். அக்காவின் தெலுங்கில் பாதி வார்த்தை அவருக்குப் புதிதாக இருந்ததாம். "எங்க பாட்டன் காலத்துப் பேச்சு" என்று சிரித்தாராம். தெளிந்த பிறகுதான் அக்கா சொன்னது அவருக்கு உறைத்தது. கையைக் கூப்பி, "என்னால உன் விரதம் போச்சேம்மா" என்று அழுதார். அக்கா அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார்.

வேனில் இருந்து பெரியவரின் மகன் இறங்கி ஓடி வந்தார். அப்பாவைத் திட்டினார், கட்டிக்கொண்டார், மறுபடி திட்டினார். எங்களைத் திருச்சுழியில் இறக்கிவிடுவதாகச் சொன்னார்கள். அக்கா வேண்டாம் என்றுவிட்டார். வேன் கிளம்பும்போது பெரியவர் ஜன்னல் வழியாக அண்ணாச்சியின் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கடலில் அவர் பேருக்கும் ஒரு முழுக்குப் போடுவதாகச் சொன்னார்.

அப்போது பத்தே முக்கால். வெயில் ஏறிவிட்டது, தார் ரோடு சுட ஆரம்பித்திருந்தது. என் செருப்பையாவது போட்டுக்கொள்ளச் சொன்னேன், கேட்கவில்லை. மண் ஓரமாகவே நடந்தார். "இனிமேயாச்சும் பேசாம வரலாமேக்கா, மிச்சத் தூரத்துக்கு?" என்று கேட்டேன்.

"பேசுனது பேசுனதுதான். இனிமே வாய மூடிக்கிட்டுப் போனா யார ஏமாத்த?" என்றார்.

பிறகு பேச ஆரம்பித்தார். ஆபரேஷன் நாளில் இருந்து யாரிடமும் சொல்லாததை எல்லாம் சொன்னார். அண்ணாச்சி முன்னால் எதையும் பேச முடியாது, அவர் பதில் சொல்ல வாயெடுத்துவிடுவார் என்று பயம். மதினியிடம் சொன்னால் அபசகுனம் என்பார். "கடையில எடை போடும்போது அவுக குரலு கேக்காம கையே ஓட மாட்டேங்குடி. வாரவுக எல்லாம் என்னாச்சு என்னாச்சுன்னு கேக்காக. நல்லாயிரும்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்கி" என்று சொல்லும்போது ரோட்டோரத்தில் நின்று அழுதார். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். அந்த ஏழு கிலோமீட்டரும் அக்காதான் பேசினார். நான் கேட்டுக்கொண்டு நடந்தேன்.

திருச்சுழி சேரும்போது மதியம் ஒரு மணி. நடை சாத்திவிட்டார்கள். மறுபடி நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள் என்றார் வாசலில் பூ விற்கிறவர். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம், இரண்டு பேருக்கு நூற்றியறுபது ரூபாய், ரசம் நன்றாக இருந்தது. அக்கா சாப்பிடத் தயங்கவில்லை. பிறகு கோயில் மதில் நிழலில் துண்டை விரித்துப் படுத்தவர் அப்படியே தூங்கிவிட்டார். அவர் உள்ளங்காலைப் பார்த்தேன். கொப்புளம் கட்டியிருந்தது.

நடை திறந்ததும் நல்ல கூட்டம். குருக்களிடம் அக்கா மெதுவாக விஷயத்தைச் சொன்னார். நேர்த்திக்கடன் இப்படி ஆகிவிட்டது, பரிகாரம் ஏதும் உண்டா என்று கேட்டார். குருக்கள் தட்டில் தேங்காயை அடுக்கிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார். "நேர்ந்துண்டது நீங்க. கேட்டுண்டவர் உள்ள இருக்கார். நடுவுல நான் என்னம்மா சொல்றது? நேரா அவர்கிட்டயே சொல்லிடுங்கோ. அர்ச்சனை யார் பேருக்கு?"

அக்கா அண்ணாச்சியின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். பிறகு, "வெங்கடராமையான்னு இன்னொரு பேருக்கும்" என்றார்.

"நட்சத்திரம்?"

"தெரியாது சாமி. குண்டூர்க்காரரு."

குருக்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, சரி என்று உள்ளே போனார். அக்கா கண்ணை மூடி நெடுநேரம் நின்றார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்தான். ஆறு மணிக்கு மேல் வீட்டுக்குப் போனோம். அண்ணாச்சியிடம் அக்கா எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து போய் வெந்நீர் வைத்துக்கொண்டு வந்து அக்காவின் காலடியில் வைத்தார். மதினிதான் ஆற மாட்டாமல், "வார திங்கக்கிழம மறுபடியும் நடந்துரு. கொற வைக்காத" என்றார். அக்கா காலை வெந்நீருக்குள் இறக்கினார்.

பங்குனியில் அண்ணாச்சிக்குப் பேச அனுமதி கிடைத்தது. குரல் வந்தது, ஆனால் பாதிதான் வந்தது. காற்றும் சத்தமுமாகக் கலந்து, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கிற அளவுக்கு. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போகிறவரை இனிக் கூப்பிட முடியாது. இதற்கு மேல் பெரிதாக மாறாது என்கிறார்கள். நான் பார்க்கப் போயிருந்த அன்று மதினியும் இருந்தார். "பாதியில வாயத் தெறந்தா பாதிதான் கெடைக்கும்" என்று அடுக்களையில் இருந்து சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், கையை நிறுத்தவில்லை.

"அப்பிடியே வச்சுக்கிடுவோம் மதினி" என்றார். "மிச்சப் பாதி அந்த மனுசனுக்குப் போச்சுன்னு இருக்கட்டும். நல்ல செலவுதான்."

கல்லாவில் இருந்து அண்ணாச்சி ஏதோ சொன்னார். எங்களுக்குக் கேட்கவில்லை. அக்கா எழுந்து பக்கத்தில் போய்க் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

இனி, இந்த வழியில் நடக்க நினைப்பவர்களுக்கு. மாசிக்கு மேல் வேண்டாம், பங்குனி வெயிலில் அந்த ரோட்டில் நிழலே கிடையாது. டவுனைத் தாண்டினால் கழிப்பறை வசதி எதுவும் இல்லை, பெண்கள் அதை யோசித்துக் கிளம்புங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். திரும்பி வர அருப்புக்கோட்டைக்குப் பஸ் உண்டு, நரிக்குடி, வீரசோழன் பக்கம் இருந்து வருகிற பஸ்களும் ஏற்றிக்கொள்ளும், முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை, பிரஷர் என்று மாத்திரை சாப்பிடுகிறவர்கள் விரதம் வைத்துக்கொண்டு நடப்பதாக இருந்தால், அன்றைக்கு மாத்திரையை என்ன செய்வது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். இது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்.

காலையில் நடை சாத்துவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று அடித்துப் பிடித்து ஓட வேண்டாம். வழியில் யாருக்காவது நிற்க வேண்டி வந்தால் நின்றுவிட்டுப் போங்கள். சாயங்காலமும் திறப்பார்கள்.